சக்தி வாய்ந்த காருக்குக் காப்புறுதி: அப்பா பெயரில் போடும் முன் இளம் ஓட்டுநர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

பேருந்து எட்டிப் பார்க்காத தோட்டப்புறத்திலும் பட்டணத்தைச் சுற்றியுள்ள தாமான்களிலும் கார் இல்லாமல் வேலைக்குப் போவது சிரமம். அதனால் வேலையில் சேர்ந்த ஓராண்டு, ஈராண்டுக்குள் நம் பிள்ளைகள் கார் வாங்கிவிடுகிறார்கள். அந்தக் கார் மைவியாகவோ சாகாவாகவோ இருக்கும் வரை காப்புறுதி பெரிய தலைவலியாக இருப்பதில்லை. கோல்ஃப் ஜி.டி.ஐ., சிவிக் டைப் ஆர், ஜி.ஆர். யாரிஸ், ரீகண்டிஷன் சுபாரு, எஞ்சின் மாற்றிய பழைய சத்ரியா என்று ஆசை வேறு பக்கம் போகும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

கார் விற்பவர் விலையைச் சொல்லிவிடுவார். வங்கி மாதத் தவணையைச் சொல்லிவிடும். மூன்றாவது கணக்கான காப்புறுதி, பெரும்பாலும் முன்பணம் கட்டிய பிறகுதான் பேச்சில் வருகிறது. தொகையைக் கேட்டுத் திகைத்து நிற்கும் இளைஞரிடம் யாராவது ஒருவர் சொல்வார்: "அப்பா பேர்ல போட்டுடு தம்பி. பாதி விலையில முடிஞ்சிடும்."

இந்த ஆலோசனை முழுக்கத் தவறு என்று சொல்லிவிட முடியாது. எப்போது அது சரி, எப்போது அது ஒரு குடும்பத்தையே கடனில் தள்ளும் என்பதை அறிந்துகொண்டு முடிவெடுக்க வேண்டும். அதைத்தான் இங்கே படிப்படியாகப் பார்க்கப் போகிறோம்.

சட்டம் கேட்பது ஒன்று, வங்கி கேட்பது வேறு

1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின்படி, சாலையில் ஓடும் எந்த வாகனத்துக்கும் குறைந்தபட்சம் மூன்றாம் தரப்புக் காப்புறுதி இருந்தே ஆக வேண்டும். இல்லாமல் ஓட்டிப் பிடிபட்டால் 1,000 வெள்ளி வரை அபராதம், 3 மாதம் வரை சிறை அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம். ஓட்டுநர் உரிமமும் 12 மாதங்களுக்குப் பறிபோகலாம்.

மூன்றாம் தரப்புக் காப்புறுதி என்பது நம் காரால் மற்றவருக்கு ஏற்படும் காயம், மரணம், பொருட்சேதம் ஆகியவற்றுக்கானது. நம் கார் நொறுங்கினால் அதில் ஒரு காசும் கிடைக்காது. அதற்கு அடுத்த படி, தீ விபத்தையும் திருட்டையும் சேர்த்துக்கொள்ளும் மூன்றாம் தரப்புக் காப்புறுதி. விபத்தில் நம் காருக்கு ஏற்படும் சேதத்தையும் ஏற்றுக்கொள்வது முழுமைக் காப்புறுதி மட்டுமே.

கடன் போட்டு வாங்கும் காருக்கு வங்கி முழுமைக் காப்புறுதியைக் கேட்கும். கடன் தீரும் வரை அந்தக் கார் வங்கிக்குக் கட்டுப்பட்டது என்பதே காரணம். இங்கே ஒன்றை நன்றாக நினைவில் வைக்க வேண்டும். விபத்துக்குப் பிறகு காப்புறுதி நிறுவனம் பணம் தர மறுத்தால், கார் போய்விட்டது என்பதற்காக வங்கி கடனைத் தள்ளுபடி செய்யாது. ஓடாத காருக்கு மாதாமாதம் தவணை கட்ட வேண்டியிருக்கும்.

பிரீமியம் எங்கே ஏறுகிறது?

2017 ஜூலை 1 வரை நாட்டில் எல்லா நிறுவனங்களும் ஒரே விகிதப் பட்டியலைப் பின்பற்றின. எஞ்சினின் சி.சி. அளவும் காப்புறுதித் தொகையுமே அந்தப் பட்டியலின் அடிப்படை. இன்று முழுமைக் காப்புறுதிக்கு ஒவ்வொரு நிறுவனமும் தானே விலை வைக்கலாம். ஆனாலும் அடிப்படையைப் புரிந்துகொள்ளப் பழைய கணக்கே எளிது. தீபகற்ப மலேசியாவுக்கான அந்த விகிதத்தில் இரண்டு கார்களை ஒப்பிட்டுப் பார்ப்போம்.

முதலாவது, 50,000 வெள்ளி மதிப்புள்ள 1.5 லிட்டர் மைவி. 1,401 முதல் 1,650 சி.சி. வரையிலான காருக்கு முதல் 1,000 வெள்ளிக்கு 305.50 வெள்ளி. அதற்கு மேல் ஒவ்வோர் 1,000 வெள்ளிக்கும் 26 வெள்ளி. ஆக அடிப்படைப் பிரீமியம் 1,579.50 வெள்ளி. 8 விழுக்காடு சேவை வரியும் 10 வெள்ளி முத்திரைக் கட்டணமும் சேர்த்தால் 1,715.86 வெள்ளி.

இரண்டாவது, 150,000 வெள்ளி மதிப்புள்ள 2,000 சி.சி. டர்போ கார். 1,651 முதல் 2,200 சி.சி. வரையிலான காருக்கு முதல் 1,000 வெள்ளிக்கு 339.10 வெள்ளி. மீதி 149 ஆயிரங்களுக்கு 3,874 வெள்ளி. அடிப்படைப் பிரீமியம் 4,213.10 வெள்ளி. வரியும் முத்திரைக் கட்டணமும் சேர்த்தால் 4,560.15 வெள்ளி.

இப்போது இதே டர்போ காரை, ஐந்து ஆண்டுகளாக இழப்பீடு எதுவும் கோராத ஒருவர் தம் 55 விழுக்காட்டுக் கழிவோடு காப்புறுதி செய்தால் அவர் கட்டுவது 2,057.57 வெள்ளி. அதே கார், அதே சாலை. வேறுபாடு ஆண்டுக்குச் சுமார் 2,500 வெள்ளி. இளம் ஓட்டுநரின் முதல் பெரிய சுமை, அவரிடம் இந்தக் கழிவு இல்லை என்பதே.

என்.சி.டி. என்று எல்லாரும் சொல்லும் இந்தக் கழிவு, இழப்பீடு கோராத ஒவ்வோர் ஆண்டுக்கும் கிடைக்கும் பரிசு. தனியார் கார்களுக்கு முதல் ஆண்டு முடிவில் 25 விழுக்காடு. அதன் பிறகு 30, 38.33, 45 என்று ஏறி, ஐந்தாம் ஆண்டு முடிவில் 55 விழுக்காட்டில் நிற்கும். நம் தவற்றால் நேர்ந்த விபத்துக்கு ஒரே ஒருமுறை இழப்பீடு கோரினாலும் அது பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும்.

சி.சி. சிறியது, சக்தி பெரியது

பழைய பட்டியல் சி.சி.யை மட்டுமே பார்த்தது. ஜி.ஆர். யாரிஸின் எஞ்சின் 1,618 சி.சி.தான். அந்தப் பட்டியலில் அது 1.5 லிட்டர் மைவி நிற்கும் அதே வரிசையில் நிற்கும். ஆனால் மைவியின் சக்தி நூறு குதிரைத்திறனைச் சுற்றி. யாரிஸின் சக்தியோ 260 குதிரைத்திறனைத் தாண்டியது. டர்போ காலத்தில் சி.சி. முழு உண்மையைச் சொல்வதில்லை.

விகிதம் தளர்த்தப்பட்ட பிறகு நிறுவனங்கள் காரின் மாடல், ஓட்டுநரின் வயது, அனுபவம், பழைய இழப்பீட்டுக் கோரிக்கைகள், கார் நிற்கும் ஊர், திருட்டு ஆபத்து என்று பலவற்றையும் சேர்த்துப் பார்க்கின்றன. சக்தி வாய்ந்த காரும் இளவயதும் சேர்ந்தால் மூன்றில் ஒன்று நடக்கும். பிரீமியத்தின் மேல் கூடுதல் சுமை ஏற்றுவார்கள். அல்லது விபத்து நேர்ந்தால் முதல் பகுதியை நீங்களே ஏற்க வேண்டும் என்று நிபந்தனை போடுவார்கள். அல்லது "இந்தக் காரை நாங்கள் எடுப்பதில்லை" என்று சொல்லிவிடுவார்கள்.

ஒரு நிறுவனம் மறுப்பதை இன்னொன்று ஏற்கும், விலையும் வேறுபடும். ஆகவே ஒரே முகவரோடு நின்றுவிடாமல் குறைந்தது மூன்று நான்கு இடங்களில் கேட்க வேண்டும். தக்காஃபுல் நிறுவனங்களிலும் கேட்கலாம். அவை முஸ்லிம் அல்லாதவர்களையும் ஏற்கின்றன. இதையெல்லாம் காருக்கு முன்பணம் கட்டும் முன்பே செய்ய வேண்டும். கட்டிய பிறகு கேட்டால் எந்த விலை சொன்னாலும் தலையாட்டத்தான் தோன்றும்.

அப்பா பெயரில் போட்டால் என்ன?

இங்கே காப்புறுதி, காரின் பதிவு உரிமையாளர் பெயரில்தான் எடுக்கப்படுகிறது. எனவே "அப்பா பெயரில் போடு" என்பது காப்புறுதியை மட்டும் குறிப்பதில்லை. கெரானும் அப்பா பெயரில். கடன் என்றால் கடனும் அப்பா பெயரில். தவணை தவறினால் வங்கி தேடி வருவது அப்பாவை. தோட்டத்திலோ தொழிற்சாலையிலோ முப்பது ஆண்டுகள் உழைத்து ஓய்வை நெருங்கும் ஒருவர், ஒன்பது ஆண்டுக் கடனுக்குக் கையொப்பமிடுகிறார் என்பதே இதன் பொருள்.

கார் உண்மையிலேயே குடும்பக் கார், அப்பாவும் ஓட்டுகிறார், மகனோ மகளோ பெயர் குறிப்பிட்ட ஓட்டுநராகச் சேர்க்கப்பட்டிருக்கிறார் என்றால் இதில் தவறில்லை. சட்டப்படியும் சரி. சிக்கல் எங்கே வருகிறது என்றால், அப்பா அந்தக் காரின் சாவியைக்கூடத் தொட்டதில்லை என்ற நிலையில், யார் வழக்கமாக ஓட்டுவார் என்று நிறுவனம் கேட்கும்போது "நான்தான்" என்று எழுதிக் கொடுப்பதில்.

2013ஆம் ஆண்டு நிதிச் சேவைச் சட்டம், காப்புறுதி எடுப்பவர் நிறுவனத்தின் கேள்விகளுக்குத் தக்க கவனத்தோடு உண்மையான பதிலைத் தர வேண்டும் என்கிறது. தவறான தகவலை அது மூன்று வகையாகப் பிரிக்கிறது. தெரியாமல் நேர்ந்தது ஒன்று. கவனக்குறைவால் நேர்ந்தது இன்னொன்று. வேண்டுமென்றே சொன்னது மூன்றாவது. கவனக்குறைவு என்றால், சரியான தகவல் தந்திருந்தால் எவ்வளவு பிரீமியம் வாங்கியிருப்பார்களோ அந்த விகிதத்துக்கு ஏற்ப இழப்பீட்டைக் குறைக்கலாம். வேண்டுமென்றே சொன்ன பொய் என்றால், பாலிசியையே செல்லாததாக்கி எல்லாக் கோரிக்கைகளையும் நிராகரிக்கலாம்.

பாரத்தை முகவர் நிரப்பினாலும் கீழே கையொப்பம் இடுபவர் அப்பா. "அவர்தான் எழுதினார், நான் படிக்கவில்லை" என்ற பதில் அவரைக் காப்பாற்றும் என்று நம்பியிருக்க முடியாது. மலாயிலோ ஆங்கிலத்திலோ உள்ள பாரம் புரியவில்லை என்றால், வரிக்கு வரி படித்துச் சொல்லச் சொல்லுங்கள். பிள்ளைகளே அதைச் செய்யலாம்.

அடிபட்ட மூன்றாம் தரப்பினருக்கு நிறுவனம் சட்டப்படி பணம் கட்ட நேர்ந்தாலும் கதை அங்கே முடிவதில்லை. நிபந்தனை மீறப்பட்டிருந்தால், கட்டிய பணத்தைப் பாலிசிதாரரிடம் திரும்பக் கேட்க நிறுவனத்துக்கு வழியுண்டு. ஒரு பெரிய விபத்தில் அது ஆயிரக்கணக்கில் நிற்கும் தொகை அல்ல.

இன்னொரு நட்டமும் இருக்கிறது; அது மெல்லத்தான் தெரியும். என்.சி.டி. பாலிசிதாரருக்குச் சொந்தமானது. மகன் ஐந்து ஆண்டுகள் ஒரு கீறலும் இல்லாமல் ஓட்டினாலும் அந்த 55 விழுக்காடு அப்பாவின் கணக்கில்தான் சேரும். மகன் தன் பெயரில் முதல் காப்புறுதி எடுக்கும் நாளில், அவனுக்கு 30 வயது ஆகியிருந்தாலும், பூஜ்யத்திலிருந்துதான் தொடங்குவான். மகனின் விபத்தால் அந்தக் காரில் அப்பாவின் கழிவு கரைவதும் உண்டு.

400 வெள்ளி: சிறிய எழுத்தில் உள்ள விதி

பாலிசியில் பெயர் குறிப்பிடப்படாத ஒருவர் காரை ஓட்டும்போது விபத்து நேர்ந்தால், கார் பழுதுக்கான இழப்பீட்டில் முதல் 400 வெள்ளியை நாமே கட்ட வேண்டும். பெயர் குறிப்பிடப்பட்டிருந்தாலும் அவர் 21 வயதுக்குக் குறைந்தவர், 'பி' உரிமம் வைத்திருப்பவர், அல்லது முழு உரிமம் பெற்று இரண்டு ஆண்டுகள் ஆகாதவர் என்றால் இதே விதிதான். இது வழக்கமான பாலிசிகளில் உள்ள கட்டாயத் தொகை.

சக்தி வாய்ந்த காருக்கு நிறுவனம் தனியாகப் போடும் நிபந்தனைத் தொகை இதற்கு மேல் வரலாம். "இந்தக் காருக்கு என் பங்கு மொத்தம் எவ்வளவு?" என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பிரீமியம் மலிவாகத் தெரியும் பாலிசியில் இந்தத் தொகை ஆயிரங்களில் இருக்கக்கூடும்.

எஞ்சின் மாற்றிய காரா?

நம் இளைஞர்களுக்குப் பிடித்த வேகக் கார்கள் எல்லாம் காட்சிக்கூடத்திலிருந்து வருபவை அல்ல. ஹாஃப்-கட் கடையில் எடுத்த ஜப்பானிய டர்போ எஞ்சின் ஒரு வீராவிலோ சத்ரியாவிலோ கஞ்சிலிலோ உட்கார்ந்திருக்கும். வெளியே பார்த்தால் பழைய கார். மிதித்தால் வேறு கார்.

எஞ்சினை மாற்றினால் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜே.பி.ஜே.யின் அனுமதி வேண்டும். வாகனம் சோதனைக்குப் போக வேண்டும். புதிய எஞ்சின் எண் பதிவில் ஏற வேண்டும். அதன் பிறகு காப்புறுதி நிறுவனத்துக்கும் தெரிவிக்க வேண்டும். இவை நடக்காத கார் பெரிய விபத்தில் சிக்கினால், நிறுவனம் அனுப்பும் இழப்பு மதிப்பீட்டாளர் எஞ்சின் எண்ணைப் பதிவோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். அந்த ஐந்து நிமிட வேலையில் கோரிக்கை நின்றுபோகலாம்.

எஞ்சின் மட்டுமல்ல. டர்போ பொருத்துவது, ஈ.சி.யூ.வைத் திருத்தி சக்தியைக் கூட்டுவது, காரைத் தாழ்த்துவது, பிரேக்கை மாற்றுவது என எதைச் செய்தாலும் நிறுவனத்திடம் சொல்லிவிட வேண்டும். சில மாற்றங்களுக்கு எதுவும் சொல்ல மாட்டார்கள். சிலவற்றுக்குக் கூடுதல் பணம் கேட்பார்கள். சொல்லாமல் விட்டதற்கு மட்டும் பிறகு மருந்தில்லை. விலையுயர்ந்த ரிம், இருக்கை, ஒலிச்சாதனம் போன்றவற்றுக்குத் தனியாகக் காப்பு எடுத்தால்தான் அவற்றின் மதிப்பு கிடைக்கும்.

பழைய கார் வாங்குவோருக்கும் இது பொருந்தும். முந்தைய உரிமையாளர் செய்த மாற்றத்துக்கு இப்போதைய உரிமையாளரே பதில் சொல்ல வேண்டியிருக்கும். பணம் கொடுக்கும் முன் கெரானில் உள்ள எஞ்சின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் காரில் உள்ள எண்களோடு நீங்களே ஒப்பிடுங்கள்.

தொகையைக் குறைத்து எழுதினால்

பிரீமியத்தைக் குறைக்கச் சிலர் பிடிக்கும் இன்னொரு குறுக்குவழி, காரின் மதிப்பைக் குறைத்து எழுதுவது. 150,000 வெள்ளி காரை 100,000 வெள்ளிக்குக் காப்புறுதி செய்தால் பிரீமியம் குறையும் என்பது உண்மைதான். ஆனால் காப்புறுதித் தொகை சந்தை மதிப்பைவிட 10 விழுக்காட்டுக்கு மேல் குறைந்திருந்தால், நிறுவனம் இழப்பையும் அதே விகிதத்தில்தான் தரும். பழுது பார்க்க 30,000 வெள்ளி ஆகிறது என்றால் கிடைப்பது 20,000 வெள்ளி. மீதி 10,000 வெள்ளி உங்கள் கையிலிருந்து போகும்.

மதிப்பைக் கூட்டி எழுதுவதிலும் பயனில்லை. சந்தை மதிப்பு அடிப்படையிலான பாலிசியில், கார் முழுவதும் அழிந்தால் அன்றைய சந்தை விலைக்கு மேல் தர மாட்டார்கள். ரீகண்டிஷன் கார், எண்ணிக்கையில் அரிதான கார் ஆகியவற்றுக்குச் சந்தை விலை எது என்பதிலேயே தகராறு வரலாம். அப்படிப்பட்ட காருக்கு, தொகையை முன்கூட்டியே பேசி முடிக்கும் 'ஒப்புக்கொண்ட மதிப்பு' பாலிசி கிடைக்கிறதா என்று கேளுங்கள். கார் திருடு போனால் அந்தத் தொகை கிடைக்கும், பேரம் இருக்காது.

முழுமைக் காப்புறுதியிலும் முழுமையாக இல்லாதவை

பெயரில் 'முழுமை' இருப்பதால் எல்லாம் அடங்கிவிட்டது என்று நினைப்பவர்கள் பலர். கீழே உள்ள நான்கையும் கவனியுங்கள்.

பந்தயம்: சாலையில் நடத்தும் பந்தயம், பந்தயத் தடத்தில் ஓட்டுவது, வேகத்தைச் சோதித்துப் பார்ப்பது ஆகியவற்றின்போது நேரும் சேதத்துக்குப் பாலிசி பொறுப்பேற்காது. செப்பாங் தடத்தில் ஒரு நாள் ஓட்டிப் பார்ப்பதும் இதில் அடங்கும். குடித்துவிட்டு ஓட்டினாலும் உரிமம் இல்லாதவர் ஓட்டினாலும் இதே நிலைதான்.

பயணிகள்: உங்கள் காரில் வரும் நண்பர் காயமடைந்து உங்கள்மீது வழக்குத் தொடுத்தால், அதற்கான பொறுப்பு அடிப்படைக் காப்பில் இல்லை. பயணிகளுக்கான சட்டப் பொறுப்பு என்ற கூடுதல் காப்பைச் சேர்க்க வேண்டும். நான்கு நண்பர்களோடு இரவில் வெளியே போகும் இளைஞர்களுக்கு இதுவே முதலில் தேவைப்படும் காப்பு. கட்டணம் பெரியதல்ல.

வெள்ளம்: 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் கார்கள் நீரில் மூழ்கியதை நம் மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். வெள்ளம், நிலச்சரிவு போன்ற இயற்கைச் சீற்றங்களுக்குத் தனியாகக் காப்பு எடுக்க வேண்டும்.

இ-ஹெய்லிங்: மாதத் தவணையைச் சமாளிக்கக் காரை வாடகைப் பயணத்துக்கு ஓட்ட நினைத்தால் அதற்கென்று உள்ள காப்பைச் சேர்க்காமல் தொடங்காதீர்கள்.

கண்ணாடிக் காப்பும் கூடுதல்தான். ஆனால் அதைத் தனியாக எடுத்திருந்தால், கண்ணாடிக்காகக் கோரும் இழப்பீடு என்.சி.டி.யைப் பாதிக்காது.

எல்லாரும் மறுத்துவிட்டால்

எந்த நிறுவனமும் ஏற்க மறுக்கும் காருக்கும் ஒரு கதவு உண்டு. காப்புறுதி நிறுவனங்கள் கூட்டாக நடத்தும் எம்.எம்.ஐ.பி. என்ற மலேசிய வாகனக் காப்புறுதித் தொகுப்பு 1992 முதல் இயங்கி வருகிறது. வேறெங்கும் காப்புறுதி கிடைக்காத வாகனங்களை அது ஏற்கிறது. பிரீமியம் அதிகமாகத்தான் இருக்கும். காப்புறுதியே இல்லாமல் ஓட்டுவதைவிட, அல்லது பொய் சொல்லி எடுத்த பாலிசியோடு ஓட்டுவதைவிட, அது எவ்வளவோ மேல்.

மிகப் பழைய கார்களுக்கு முழுமைக் காப்புறுதி தரப் பல நிறுவனங்கள் தயங்கும். அப்போது தீயையும் திருட்டையும் சேர்த்த மூன்றாம் தரப்புக் காப்புறுதி கிடைக்குமா என்று கேட்கலாம். பழைய வேகக் கார்களுக்குத் திருட்டுப் பயம் அதிகம் என்பதால் அது பொருத்தமான நடுவழி.

விபத்து நடந்துவிட்டால்

24 மணி நேரத்துக்குள் போலீஸ் புகார் செய்ய வேண்டும். நிறுவனத்துக்கும் உடனே தெரிவிக்க வேண்டும். காயம் இல்லாதவருக்கு வழக்கமாக 7 நாள் அவகாசம்; மருத்துவமனையில் இருப்பவருக்கு 30 நாள் வரை. நாள் கடத்துவது கோரிக்கையைப் பலவீனப்படுத்தும்.

விபத்து நடந்த இடத்துக்குக் கூப்பிடாமலே வந்து நிற்கும் இழுவை வண்டியிடம் சாவியைக் கொடுக்காதீர்கள். வெற்றுப் பாரத்தில் கையொப்பம் இடாதீர்கள். நிறுவனத்தின் உதவி எண்ணை இன்றே கைப்பேசியில் பதிந்து வைத்தால், அன்று பதற்றத்தில் தேட வேண்டியிருக்காது. நிறுவனம் அங்கீகரித்த பட்டறைக்கே கார் போக வேண்டும்.

ஓட்டியவர் யார் என்பதைப் புகாரில் மாற்றிச் சொல்லும் பழக்கம் சில குடும்பங்களில் உண்டு. மகன் ஓட்டி மோதிய காரை அப்பா ஓட்டியதாகச் சொல்வார்கள். 400 வெள்ளியை மிச்சப்படுத்தச் சொல்லும் அந்தப் பொய், போலீசிடம் தந்த பொய்ப் புகாராக மாறும். கோரிக்கையும் போகும்.

நியாயமான கோரிக்கையை நிறுவனம் மறுத்தால் முதலில் அந்நிறுவனத்தின் புகார்ப் பிரிவுக்கு எழுத வேண்டும். இறுதி முடிவு திருப்தி தராவிட்டால், அது கிடைத்த 6 மாதங்களுக்குள் நிதிச் சந்தைக் குறைதீர்ப்பு அமைப்பான எஃப்.எம்.ஓ.எஸ்.ஸை நாடலாம். 2025 ஜனவரி 1 முதல் இயங்கும் இவ்வமைப்பு பயனீட்டாளரிடம் கட்டணம் வாங்குவதில்லை. வழக்கறிஞரும் தேவையில்லை.

மலிவாக்க நேர்வழி எது?

முதல் வழி, என்.சி.டி.யைச் சொந்தப் பெயரில் சேர்ப்பது. 21 வயதில் தன் பெயரில் ஒரு சாதாரணக் காரை எடுத்துக் கவனமாக ஓட்டுபவருக்கு 26 வயதில் 55 விழுக்காடு கையில் இருக்கும். அந்தக் காரை விற்றுவிட்டு வேகக் கார் வாங்கும்போது கழிவைப் புதிய காருக்கு மாற்றிக்கொள்ளலாம். அதற்குள் 'பி' உரிமக் காலமும் முடிந்திருக்கும். 400 வெள்ளி விதியும் விலகியிருக்கும். ஒரே கழிவை இரண்டு கார்களுக்குப் பயன்படுத்த முடியாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். தற்போதைய விழுக்காடு எவ்வளவு என்பதை மைகார்இன்ஃபோ இணையத்தளத்தில் சரிபார்க்கலாம்.

இரண்டாவது வழி, சிறு சேதங்களுக்கு இழப்பீடு கோராமல் இருப்பது. பம்பர் உரசலுக்கு 600 வெள்ளி வாங்கப் போய், அடுத்த ஆண்டு 2,000 வெள்ளிக்கு மேல் கழிவை இழப்பது நல்ல கணக்கல்ல. கோரும் முன் இரண்டு தொகைகளையும் தாளில் எழுதிப் பாருங்கள். போலீஸ் புகாரை மட்டும் விட்டுவிட வேண்டாம். எதிர்த்தரப்பு பிறகு வழக்கோடு வரலாம்.

மூன்றாவது வழி, முகநூலிலும் வாட்ஸ்அப்பிலும் வரும் "பாதி விலைக் காப்புறுதி"யைத் தவிர்ப்பது. பணம் கட்டியதும் பாலிசி எண்ணை வாங்கி, நிறுவனத்தையே நேரடியாக அழைத்துச் சரிபாருங்கள். தனியார் கார்களுக்குச் சாலை வரி வில்லையைக் கண்ணாடியில் ஒட்டும் கட்டாயம் 2023 பிப்ரவரியில் நீங்கிவிட்டது. அதனால் காப்புறுதி முடியும் தேதியைக் கண்ணாடி நினைவூட்டாது. கைப்பேசியில் குறித்து வையுங்கள்.

வேகக் கார்மீது ஆசைப்படுவது குற்றமல்ல. சொந்த உழைப்பில் வாங்குபவர் அதைப் பெருமையோடு ஓட்டலாம். காரின் விலையையும் தவணையையும் கணக்குப் போடும் அதே தாளில் காப்புறுதியின் முழுத் தொகையையும் எழுதுங்கள். என்.சி.டி. இல்லாமல், கூடுதல் சுமையோடு, பயணிகள் காப்போடு, உண்மையான ஓட்டுநர் பெயரோடு எழுதுங்கள். அந்தத் தொகையைக் கட்ட முடிகிறது என்றால் கார் உங்களுக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. முடியவில்லை என்றால் இன்னும் இரண்டு மூன்று ஆண்டு பொறுப்பதே நல்லது. அந்த இடைவெளியை அப்பாவின் பெயரைக் கொண்டு நிரப்பாதீர்கள். பிள்ளை கேட்கிறானே என்று கையொப்பமிடும் பெற்றோரும், பேனாவை எடுக்கும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இதில் எழுதியிருப்பதெல்லாம் உண்மைதானா?"